குளக்கட்டில் குடியேறியவர்கள்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், வன்னியில் கடும் மழை பெய்யும் என்று கைபேசியில் செய்தி வந்தபோது மேனுகா ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைத் திரும்பவும் ஒரு தரம் வாசித்தாள். கையில் இருந்த குழையைக் கீழே போட்டுவிட்டு ஓடையைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதது போல அது கணுக்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருட வெள்ளம் சொல்லாமல்தான் வந்தது. மழை விட்டு வெயில்கூட எறித்திருந்தது. இனிப் பயமில்லை என்று நனைந்த பாய்களை வேலியில் காயப்போட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு, என்ன ஏதென்று விளங்குவதற்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. மேலே இருந்த மருதடிக்குளத்தில், மிஞ்சிய தண்ணீரை ஓடைக்கு விடும் வான்கதவுகளை ஒரேயடியாகத் திறந்துவிட்டிருந்தார்கள். குளம் உடைந்தால் ஊரே போய்விடும், ஆகவே திறந்தது பிழையில்லை. ஆனால் ஓடைக்கரைத் தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனுகா மகள் லக்சிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஆடுகள் கட்டிய இடத்திலேயே செத்துப்போயின.

கதவுகளைப் பூட்டி வைக்கும் திறப்பு கமக்காரர் அமைப்பிடம் இருந்தது. அமைப்பில் சேர வயற்காணி வேண்டும். காணியெல்லாம், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களின் பிள்ளைகளிடம் இருந்தது. மேனுகாவின் தாய் தகப்பனோ எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட ஓடைக்கரைதான். அங்கிருந்துகொண்டுதான் மேற்பக்கத்து வயல்களில் களை பிடுங்கினார்கள், கதிர் அறுத்தார்கள்.

முந்தி ஓடைக்கரை இப்படித் தண்ணீருக்குள் தாழ்ந்ததில்லை. மாரி முழுக்கப் பெய்ய வேண்டிய மழை இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கிறது. மற்ற நாளெல்லாம் நிலம் வெடித்துக் கிடக்கிறது. அந்தப் பயத்தில், கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்காக மேற்பக்கத்தார் குளத்தை முட்ட முட்டப் பிடித்து வைத்தார்கள். முட்டிய குளத்தின் மேல் பெருமழை விழுந்தால் ஓடைக்கரை தாழ்ந்தது.

மேனுகா சைக்கிளை எடுத்துக்கொண்டு அமைப்பின் தலைவர் தங்கராசாவின் வீட்டுக்குப் போனாள். அவர் கெட்டவர் அல்ல. கதிரை போட்டு இருக்கச் சொன்னார்.

"அண்ணை, குளம் இப்பவே முக்கால்வாசி. இண்டைக்கே கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து விடுங்கோவன்."

"நீ சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனா திறந்துபோட்டு மழை வராட்டி? போன சிறுபோகம் தண்ணியில்லாமல் எரிஞ்சுபோச்சு. சனம் என்னைக் கிழிச்சுப்போடும்."

"மழை வந்தா?"

"வந்தா பாப்பம்."

திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த வீட்டு ரஜிதா படலையில் நின்றாள்.

"என்னவாம்?"

"வந்தா பாப்பினமாம். எப்பிடியும் வீட்டை விட்டு ஓடத்தானே போறம் ரஜிதா? இந்த முறை தண்ணி வர முதலே போவம்."

"எங்க?"

"குளக்கட்டுக்கு."

ரஜிதா முதலில் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் பாய் சுற்றத் தொடங்கினாள்.

அடுத்த நாள் காலை, நீர்மட்டம் பார்க்கத் தங்கராசா மோட்டார் சைக்கிளில் வந்தபோது வான்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரே இருந்தது. பாய்கள், பானைகள், கோழிக்கூடுகள், தறப்பாளில் சுற்றிய தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு கட்டில். மூன்று கல் வைத்துச் சோறு கொதித்தது. கிளிநொச்சியில் மேசன் வேலைக்குப் போயிருந்த மேனுகாவின் கணவன் பாலன், செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கித் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பிள்ளை இது?"

"வெள்ளத்துக்கு வந்திருக்கிறம் அண்ணை."

"வெள்ளம் இன்னும் வரேல்லையே!"

"அது எப்ப வரும் எண்டு எங்களுக்குத் தெரியாதே. திறப்பு வைச்சிருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். அதான் உங்களுக்குப் பக்கத்திலயே இருப்பம் எண்டு வந்தனாங்கள்."

தங்கராசா நீர்மட்டம் பார்க்கக் குளப் பக்கம் திரும்பினார். அதற்குள் ஒரு கிடாய் அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கையில் ஏறி நின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கும் வாய்க்குள் சிரிப்பு வந்துவிட்டது.

கதை பரவி மேற்பக்கத்தார் கூடினார்கள். கிளை வாய்க்கால் ஓரம் வயல் வைத்திருந்த வினோதன் மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணியைத் திறந்துவிட்டுச் சிறுபோகம் பிழைச்சா, நீங்கள் எங்களோட நிண்டு பட்டினி கிடப்பியளோ?"

"ஓம் அண்ணை, கிடப்பம்," என்றாள் மேனுகா. "உங்கட வயல் காய்ஞ்சா எங்களுக்கு வேலையில்லை. போன சிறுபோகமும் அப்பிடித்தானே கிடந்தனாங்கள்? வெயிலுக்கு எல்லாரும் சேர்ந்துதான் காயிறம். வெள்ளத்துக்கு மட்டும் ஏன் எங்களைத் தனிய விடுறியள்?"

வினோதன் விலகிப் போய் வான்கதவுக்குப் பக்கத்தில் நின்றான்.

தங்கராசாவின் மனைவி கமலேஸ்வரி ஒரு வாளி நிறையத் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தா. ஊற்றிக்கொடுத்துக்கொண்டு வந்தவ, நிறைமாத வயிற்றோடு பாயில் சாய்ந்திருந்த அனோஜாவைக் கண்டதும் நின்றுவிட்டா. அனோஜா அவவின் வயலில் நாற்று நட்டவள்.

"நீயுமோடி? இந்த வயித்தோடயோ?" என்று கேட்டுவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினா. "இஞ்சேருங்கோ, போனா ஒரு போகம் போகும். இவளுக்கு ஒண்டு நடந்தா நாங்கள் எந்த முகத்தோட இந்தக் குளத்துத் தண்ணியைக் குடிக்கிறது?"

மத்தியானம்வரை வாக்குவாதம் நடந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தங்கராசா திறப்பை எடுத்தார். கதவின் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவர் தனியே மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வினோதன், "விடுங்கோ, நான் சுத்துறன்," என்று வந்து பிடித்தான். கதவு ஒரு சாண் உயர்ந்தது. தண்ணீர் அமைதியாக ஓடையில் இறங்கிப் போனது.

அன்று பின்னேரமே வானம் கறுத்தது. மழை இரண்டு பகல் இரண்டு இரவு விடாமல் கொட்டியது; திறந்த கதவை ஒருவரும் இறக்கவில்லை. கமலேஸ்வரி அமைப்பின் நெற்களஞ்சியத்தைத் திறந்துவிட்டதால் ஓடைக்கரைச் சனம் நனையாமல் படுத்தது. அனோஜாவை முதலே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தி மழைக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

மழை விட்டதும் மேனுகா வீட்டுக்கு ஓடினாள். முற்றமெல்லாம் சேறு. ரஜிதாவின் குசினிச் சுவர் ஒன்று விழுந்திருந்தது. ஆனால் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே நிலம் காய்ந்தே கிடந்தது. அவள் வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்து பார்த்தாள். குளமும் திரும்ப முட்டி நின்றது. சிறுபோகத்துக்குக் குறைவில்லை.

பாலன் வானடியில் கரப்பு வைத்துப் பிடித்த மீனோடு வந்தான். அதை எண்ணெயில் போடுவதற்கு முன்பே லக்சிகா தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மீன் பொரியும்போது கைபேசி அடித்தது. தங்கராசா.

"தங்கச்சி, கதவை இறக்குவம் எண்டு யோசிக்கிறம். உங்கட பக்கம் தண்ணி எப்பிடி? இறக்கலாமோ?"

பிறந்ததிலிருந்து இந்தக் குளத்துக்குக் கீழேதான் இருக்கிறாள். இப்படி ஒரு கேள்வியை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அகப்பையைப் பாலனிடம் கொடுத்தாள்.

"பொறுங்கோ அண்ணை, பாத்துச் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு, சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஓடைக்கரைக்கு நடந்தாள்.