ஹால்தார் கொடுத்த தொழிற்சாலை

“அப்போ இந்த இடம் அரசாங்கம் குடுத்தது இல்லை?”

“இல்லை.”

“மிஷின்?”

“பாங்க் லோன். இன்னும் கட்டிண்டிருக்கேன்.”

“கரண்ட்ல ஏதாவது சலுகை?”

“கேட்டு எழுதிப் போட்டேன். பதிலே வரலை.”

“அப்புறம் ஏன் ஸார் மூணையும் அரசாங்கம்தான் குடுத்ததுன்னு மைக்ல சொன்னீங்க?”

“அவர் மேடையில உக்காந்திருந்தாரேம்மா!”

கேள்வி கேட்டவள் தீப்தி. சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். காலை விமானத்தில் கொல்கத்தா வந்திறங்கி நேராக இங்கே வந்திருந்தாள். பதில் சொன்னவர் பார்த்தசாரதி. டாலிகஞ்சில், ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோவுக்குச் சாமான் கிடங்காக இருந்த கட்டிடத்தை வாங்கித் தொழிற்சாலை நடத்துகிறவர். ஏற்றுமதி விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரபா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. லேக் மார்க்கெட்டில் பார்த்தசாரதி வீட்டுக்கு எதிர் வீடு. வெளி ஆட்கள் இருந்தால் அவரை ‘ஸார்’ என்பாள், இல்லாவிட்டால் ‘மாமா’.

அங்கே செய்வது சின்னச் சின்ன அலுமினியப் பிடிகள். விமானத்தில் இருக்கைகள் நகராமல் அவற்றைத் தரையோடு பிடித்துக்கொள்பவை. பட்டறையின் பின்சுவரில் ஸ்டுடியோக்காரர்கள் வரைந்துவிட்டுப்போன வானம் இன்னும் இருந்தது. நீலம் வெளுத்து, மேகங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதன் கீழே இயந்திரங்கள் நாள் முழுக்க அலுமினியத்தைச் சீவிக்கொண்டிருக்கும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், மேகத்துக்கு மேலே, யாரோ ஒருவர் அசையாமல் தூங்குவதற்கு இந்தச் சந்தும் ஒரு காரணம் என்று பிரபா சில மத்தியானங்களில் நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கும்.

அட்லாண்டிக் கடலின் ஒரு கரையில் ஒன்றும் மறு கரையில் ஒன்றுமாக இரண்டு பெரிய விமானக் கம்பெனிகள். ‘உன் அரசாங்கம் உனக்குப் பணம் கொடுக்கிறது, அதனால்தான் உன்னால் விலையைக் குறைக்க முடிகிறது’ என்று இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று குற்றம்சாட்டிப் பல வருஷம் வழக்காடின. அந்தச் சண்டையில், விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பாலாடைக்கட்டிக்கும் ஒயினுக்கும் டிராக்டருக்கும் வரி ஏறியது. பிறகு சண்டையை நிறுத்திவைத்தார்கள். முடித்துக்கொள்ளவில்லை.

பார்த்தசாரதியிடம் சரக்கு வாங்குவது அந்த இரண்டில் ஒன்று. இப்போது எதிர்க் கம்பெனியின் வக்கீல்கள் மறுபடியும் ஆதாரம் திரட்ட ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனியை விட்டுவிட்டு அதற்குச் சாமான் கொடுக்கிறவர்களைத் தேடினார்கள். அரசு உதவியில் மலிவாகச் செய்கிறவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் டாலிகஞ்ச் இருந்தது. வாங்குகிற கம்பெனி தன் சார்பில் விசாரித்துவர தீப்தியை அனுப்பியிருந்தது. உதவி வாங்கவில்லை என்று அவள் எழுதிவிட்டால் ஆர்டர் தொடரும். எழுத முடியாவிட்டால் பார்த்தசாரதியை விட்டுவிட்டு வேறு நாட்டில் வாங்கிக்கொள்வார்கள். இங்கே வேறு ஆர்டர் கிடையாது.

“இன்னொரு தடவை பாக்கலாமா ஸார்?” என்று தீப்தி மடிக்கணினியைத் திருப்பிவைத்தாள்.

போன வருஷம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. பட்டு வேஷ்டியும் தோளில் சால்வையுமாக மைக்கின் முன்னால் பார்த்தசாரதி. பின்னால் நாற்காலியில் டாலிகஞ்சின் ஆளும்கட்சி எம்.எல்.ஏ. ஹால்தார், கழுத்தில் மாலையோடு.

“நான் பண்ணினேன்னு எதுவுமே இல்லை,” என்றார் திரையிலிருந்த பார்த்தசாரதி. “அந்த இடம் இவர் குடுத்தது. மிஷின் இவர் குடுத்தது. எரியற லைட்டு இவர் குடுத்தது. இவரும் இவரோட அரசாங்கமும் இல்லேன்னா நான் இன்னிக்கும் எங்கப்பா கடையில ரவை நிறுத்துண்டு இருந்திருப்பேன்!”

கைதட்டல். அதோடு நிறுத்தவில்லை. ஹால்தாருக்குப் புரிய வேண்டுமே என்று முழுவதையும் வங்காளியில் இன்னொரு தடவை சொன்னார். அதில் புகழ்ச்சி ஒரு பங்கு கூடவே இருந்தது.

கீழே ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. எதிர்த்தரப்பு வக்கீல்கள் போட்டது. நல்ல மொழிபெயர்ப்பு, ஒரு வார்த்தை விடவில்லை. ஆனால் அந்த வரிகளை மட்டும் படித்தால் பேசுகிறவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். குளிர்ப் பிரதேசத்தில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, நீதிபதியின் முன்னால் நிற்கிற ஒரு மனிதர். தமிழில் உபசாரமாக இருந்தது அங்கே வாக்குமூலமாக ஆகியிருந்தது.

“நிஜமா அவர் என்னதான் பண்ணினார்?” என்று தீப்தி கேட்டாள்.

பார்த்தசாரதி யோசித்தார். “வந்தார்.”

“ரொம்ப லேட்டா வந்தார்,” என்றாள் பிரபா. “வடை நன்னா இருக்குன்னு இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிண்டார்.”

“சும்மா இரு பிரபா.”

“வேற யாருக்காவது இந்த மாதிரி நன்றி சொல்லியிருக்கீங்களா ஸார்?”

“யாருக்குச் சொல்லலை? எங்க பொண்ணு ஸ்மிதா கல்யாணத்துல சமையல் பண்ணினவர்கிட்ட, இந்தக் கல்யாணமே நீர் பண்ணிவெச்சதுதான்னேன். மாப்பிள்ளையோட அப்பா பக்கத்துலயே நின்னுண்டிருந்தார், அவர் தப்பா எடுத்துக்கலையே! மாலை போட்டு உக்காத்திவெச்சா நாலு வார்த்தை பெரிசாத்தான் சொல்லணும். நான் சம்பாதிச்சேன், நான் கட்டினேன்னு மேடையில சொன்னா ஜனங்க என்ன நினைப்பா?”

தீப்தி சிரித்துவிட்டாள். “எனக்குப் புரியுது ஸார். எங்க அப்பா ரிட்டயர் ஆனப்போ, ஒரு நாள்கூட லீவு குடுக்காத ஆபீசரைப் பார்த்து ‘நீங்க என் தெய்வம்’னார். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட வேற மாதிரி சொன்னார். ஆனா இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதறது? ‘எங்க ஊர்ல மேடையில எல்லாரும் பொய் சொல்லுவாங்க’ன்னா?”

“பொய்யா? மரியாதைம்மா.”

“கிரயப் பத்திரம் இருக்கு, பாங்க் பேப்பர் இருக்கு,” என்றாள் பிரபா. “அது போறாதா?”

“பேப்பரெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. அதுக்குத்தான் அவங்க வேற மாதிரி சொல்றாங்க. பணம் பாங்க் வழியா வந்தாலும் பின்னாடி இருந்தது அரசாங்கம், ஓனரே தன் வாயால ஒத்துக்கிட்டாருன்னு.” தீப்தி மடிக்கணினியை மூடினாள். “குடுத்ததா சொல்றவர்கிட்டயே கேட்டுடலாம். நான் எதுவும் குடுக்கலை, என் அரசாங்கமும் குடுக்கலைன்னு ஹால்தார் எழுதிக் குடுத்தா போதும். அதுக்கு மேல யாரும் பேச முடியாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள வேணும். ராத்திரி நான் ரிப்போர்ட் அனுப்பியாகணும்.”

அப்போது பட்டறை மேஸ்திரி முகமது ரபீக் எட்டிப்பார்த்தார். அடுத்த ஆர்டருக்கான அலுமினியக் கம்பிகள் வந்து இறங்கியிருந்தன. வெட்ட ஆரம்பிக்கலாமா என்று ஹிந்தியில் கேட்டார். இந்த அளவுக்கு வெட்டிவிட்டால் பிறகு வேறு யாருக்கும் உதவாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

“கொஞ்சம் இருங்கோ ரபீக் பாய்,” என்றார் பார்த்தசாரதி. ரபீக் தலையாட்டினார். ஆனால் போகவில்லை, கதவருகிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் இயந்திரங்களின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. சென்னையிலிருந்து வந்திருக்கிற வக்கீல் என்ன சொல்லப்போகிறாள் என்று பட்டறை முழுவதும் காத்துக்கொண்டிருந்தது.

“ஒருத்தர்கிட்ட போய், நீர் எனக்கு ஒண்ணுமே பண்ணலைன்னு எழுதிக் குடும்னு எப்படி பிரபா கேக்கறது?”

“பண்ணலையே மாமா.” தீப்தி இருப்பதை அவள் மறந்துவிட்டாள்.

“பண்ணலைதான். அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லணுமா?”

“நீங்க சொல்ல வேண்டாம். அவரைச் சொல்லச் சொல்றேள், அவ்வளவுதான்.”

“அது இன்னும் மோசம். அவர் பேனரைப் பார்த்தியோ இல்லையோ?”

பிரபா பார்த்திருந்தாள். மெட்ரோவிலிருந்து இறங்குகிற யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. ஹால்தார் கைகூப்பி நிற்க, அவர் தலைக்கு மேல் ஒரு விமானம் பறக்கும். ‘டாலிகஞ்சை ஆகாயத்துக்கு உயர்த்தியவர்’ என்று வங்காளியில் கொட்டை எழுத்து. அந்த விமானத்தை அவருக்குக் கொடுத்தது பார்த்தசாரதியின் பேச்சுதான்.

“வாங்கிண்டவர் வாங்கிண்டுட்டார்,” என்றார் பார்த்தசாரதி. “இப்போ திருப்பிக் குடுன்னா?”

“ஸார், வெளியில முப்பது பேருக்கு மேல இருக்காங்க,” என்றாள் தீப்தி மெதுவாக.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கைபேசியை எடுத்து, எண்ணைத் தேடி, பிரபா சொன்னபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்தார் ஹால்தார். பின்னால் டாக் மேளம் அதிர்ந்தது. துர்கா பூஜைப் பந்தலுக்கு முதல் மூங்கில் நடுகிற இடத்தில் இருப்பதாகச் சொன்னார். பேச்சு முழுவதும் வங்காளியில்தான்; ஒருவருக்கொருவர் ‘தாதா’, அதாவது அண்ணா.

“பார்த்தோ-தா! நூறு வயசு உங்களுக்கு. இப்பத்தான் இங்கே உங்க பேக்டரியைப் பத்திப் பேசிட்டிருந்தேன். இந்த வருஷம் பந்தலே விமானம் மாதிரி போடறாங்க, தெரியுமா? உள்ளே நுழைஞ்சா சீட்டெல்லாம் இருக்கும். துர்க்கை முன்னாடி காக்பிட்ல!”

“ரொம்ப சந்தோஷம் தாதா.”

“திறப்பு விழாவுக்கு நீங்க கட்டாயம் வரணும். மந்திரியையும் கூப்பிடறேன். பொங்கலுக்குப் பேசினீங்களே, அதையே இங்கேயும் பேசிடுங்க. எங்க பசங்க எழுதிக் குடுத்தாக்கூட அப்படி வராது.”

“எல்லாம் உங்க தயவு தாதா. நீங்க இல்லேன்னா...”

பிரபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தீப்தியின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. பார்த்தசாரதி சட்டென்று வாயை மூடினார். அவர் முகம் சிவந்தது. கதவருகில் ரபீக் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

“ஹலோ? பார்த்தோ-தா? இருக்கீங்களா? மேளச் சத்தத்துல கேக்கலை.”

“இருக்கேன் தாதா. கொஞ்சம் தள்ளி வரேளா? ஒரு விஷயம்.”

மேளம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டது. மறுமுனையில் இப்போது ஹால்தாரின் மூச்சு மட்டும் கேட்டது.

“சொல்லுங்க, சொல்லுங்க. உங்களுக்கு நான் என்ன செய்யணும்?”

பார்த்தசாரதி தோளில் இல்லாத சால்வையைச் சரிசெய்துகொள்வதுபோலக் கையைக் கொண்டுபோய், பிறகு இறக்கினார்.

“தாதா, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்களும் உங்க அரசாங்கமும் எனக்கு இதுவரைக்கும் எதுவுமே செய்யலைன்னு, உங்க லெட்டர்ஹெட்ல, கையெழுத்துப் போட்டு, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்க முடியுமா?”