பாட்டுக்கென்று செய்த ஹெட்போன்

என் புருஷனுக்குக் காது கேட்கும். லெட்சுமி பேசினால் மட்டும் கேட்கும்.

வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல்தான். பற்றி எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு நான் வேறு எப்படிப் பேசுவது?

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் இருக்கிறது. நான் மலையில் கொழுந்து எடுக்கிறேன். அவர், தயாபரன், தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் தேயிலை உருட்டுகிற ரோலர் மிஷினைப் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முந்தியே அந்த மிஷின் பக்கத்தில் நிற்கத் தொடங்கியவர். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. பதுளைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம் மிச்சம் இருக்கிறது, காதில் வைக்க ஒரு மிஷின் வாங்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"கெழவனா நானு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மெல்லிய சத்தம் என்றால் குருவி, விசில், போன் மணி என்று டாக்டர் அடுக்கினார். யசோதினி என்று என் பெயரையும் சேர்த்திருக்கலாம். பள்ளிக்கூடத்திலேயே எனக்கு விசில் என்றுதான் பட்டப்பெயர்.

ஒரே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற லெட்சுமிக்கோ தவில் தொண்டை. அவள் புருஷன் கொழும்பில் வேலை செய்கிறான். இவளும் ஸ்டோரில்தான், தூள் சலிக்கிற பக்கம். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று "அண்ணே" என்று தொடங்கினால் லயத்தின் கடைசிக் காம்பராவில் தூங்குகிற பிள்ளை எழும்பும். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் போதுமா? கூப்பிடுகிற வாய் எதை வேண்டுமானாலும் கூப்பிடும்.

ஒரு சாயந்தரம் அவர் வேலை விட்டு வந்து நின்றார். தலை, மீசை, புருவம் எல்லாம் தேயிலைத் தூள்.

"இந்தத் தலைய உதறுனா ஒரு குடும்பத்துக்கே தேத்தண்ணி ஊத்தலாம்" என்றேன்.

"ஆ?"

திரும்பவும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். சொன்ன எனக்கே சிரிப்பு வந்தது, கேட்டவருக்கு வரவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்து, கொதித்த தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே சிரிப்புச் சத்தம். எட்டிப்பார்த்தால் லெட்சுமி அவளுடைய இஸ்தோப்பில் நிற்கிறாள், இவர் அவளுக்கு எதிரே நின்று, தலையைக் குனிந்து உதறி உதறிச் சிரிக்கிறார். தூள் பறக்கிறது. என்னோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர், அவளுக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி கூத்தாடுகிறார். கையில் இருந்த தேத்தண்ணியை அவரிடம் கொடுக்கவில்லை. நானே குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் கட்டாரில் இருக்கிற அவர் தம்பி ஒரு ஹெட்போன் அனுப்பினான். காதை முழுதாக மூடுகிற பெரிய சாதி. பண்டாரவளையில் விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் லக்ஷிகா லீவுக்கு வந்தபோது அதைப் பார்த்தாள்.

"அம்மா, போன்ல ஒரு ஆப் இருக்கு. நம்ம பேசுறத போன் கேட்டு, பெருசாக்கி ஹெட்போனுக்குள்ள அனுப்பும். அப்பா பாட்டு கேக்குறாருன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தது, எனக்கு மேலே யோசிக்கிறது. ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். வயரைப் போனில் செருகி அவர் தலையில் மாட்டினோம். கொஞ்ச நேரம்கூட வைத்திருக்கவில்லை.

"காதப் பிடிச்சுத் திருகுற மாதிரி இருக்கு. சத்தமும் தகரம் தட்டுற மாதிரி வருது" என்று கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டார்.

நான் விடுவேனா? ஹெட்போனை எடுத்துக்கொண்டு பசறை பஜாருக்கு, போன் திருத்துகிற ஷப்ராஸ் கடைக்குப் போனேன். போன நேரம் சரியில்லை. எங்கள் தோட்டத்துக் கங்காணி கணபதி அங்கே போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் முழுத் தோட்டத்துக்கும் தெரியும்.

"என்னத்துக்கு அக்கா இது? பாட்டுக்கா?" என்று கேட்டான் ஷப்ராஸ்.

"ஆமா தம்பி, பாட்டுக்குத்தான்" என்றேன். என் புருஷன் செவிடு என்று கங்காணிக்கு முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"அப்ப அடி நல்லா வரணும்?"

"நெஞ்சுல குத்தணும்."

வேறு என்ன சொல்வேன்? எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு சவுண்ட் செட் வந்தால் முதலில் கேட்பது அந்தத் தும் தும் அடி எப்படி என்பதைத்தான். அடி இருந்தால் நல்ல செட், இல்லாவிட்டால் ஓட்டைச் செட். அடி கூடினால் எல்லாமே கூடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஷப்ராஸ் நகத்தால் காதுமெத்தையைக் கிளப்பினான். திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் அதிராமல் இருக்க ஒட்டுக்களிமண்ணை அப்பினான். பஞ்சை மெல்லிசாகப் பிரித்து வைத்தான். காற்றுப் போகிற சின்னத் துளைகளை டேப்பால் அடைத்தான். பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தடித்த மெத்தை ஒரு சோடி மாட்டினான்.

"இனிக் காத்து ஒழுகாது அக்கா. காத்து ஒழுகினா அடி செத்துப் போகும். இறுக்கம் கொறைய ஒரு பிஸ்கட் டின்னுக்கு மேல விரிச்சு மாட்டி வைங்க. உச்சந்தலை வலிக்கும், அதுக்கு என்கிட்ட சாமான் இல்ல."

உச்சந்தலைக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்காக என் தலையில்தான் தொங்குகிறது. புதிதாக மலைக்கு வருகிறவள் துணியைத் தட்டையாக மடித்து வைத்துக்கொண்டு உச்சி எரிகிறது என்று அழுவாள். இரண்டு பக்கமும் உருட்டி, நடுவில் பள்ளம் விட்டு மடிக்க வேண்டும். பாரம் பக்கங்களில் இறங்கும், உச்சிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். என் பழைய வெல்வெட் ரவிக்கையை வெட்டி, அதே மாதிரி உருட்டி, ஹெட்போனின் வளைவுக்கு அடியில் தைத்தேன். தைக்கும்போது நினைத்துக்கொண்டேன்: லெட்சுமிக்கு இது தெரியுமா? தூள் சலிக்கிறவளுக்குக் கூடைக்கயிற்றைப் பற்றி என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் அவரை உட்காரவைத்து மாட்டினேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுன மாதிரியே தெரியல புள்ள" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆப்பைத் திறந்தேன். வயர் எட்டுகிற தூரத்துக்குள் ஒட்டி உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, கேக்குதா?"

நெற்றியைச் சுருக்கினார். "என்னமோ பானைக்குள்ள தண்ணி ஊத்துற சத்தம்தான் வருது."

"நான்தாங்க பேசுறேன். யசோ."

"ஆ?"

அப்போது பார்த்து அவள் கூந்தலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "அண்ணே, புது ஹெட்போனா? நல்லாருக்கா?"

அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்கு இரண்டு கண்ணும் இல்லாமல் போயிருக்கலாம்.

"அடேயப்பா" என்றார். "லெட்சுமி, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். என் ரவிக்கை வெல்வெட் அவர் தலையில். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனேன். அவளும் வாளியோடு பின்னால் வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்பார்களே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"எம் புருஷன்கிட்ட உனக்கு என்னா அப்படிப் பேச்சு?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "என்னா கேட்ட?"

"அன்னைக்குத் தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சாரே. அப்படி என்னா சொன்ன?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. தவில் தொண்டையை அடக்கிப் பேசப் பார்த்தாள், முடியவில்லை.

"நம்ம காம்பரா செவுரு கூரையத் தொடுதா? நீ உள்ள பேசுறது எல்லாம் மேல ஏறி எங்கிட்ட வருது. அந்த மனுஷன் ஒன்னும் கேக்காம வெளிய வந்து, 'யசோ என்னா சொன்னா லெட்சுமி?'ன்னு நிக்கும். ஒங்கிட்ட ஆ, ஆன்னு கேட்டா நீ சலிச்சுக்கிறியாம். நான் சொல்லுவேன். தலைய ஒதறுனா ஒரு குடும்பத்துக்குத் தேத்தண்ணி ஊத்தலாம்னு சொன்னா யசோன்னு சொன்னேன். ஒதறி ஒதறிச் சிரிச்சிச்சு. எனக்கு வேற வேல இல்லன்னு நெனைச்சியா? சோத்துக்கு உப்பு இல்லங்கறதுல இருந்து ஒங்கம்மா வீட்டுக்குப் போகணுங்கறது வரைக்கும் நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பீலித் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

இதைக் கேட்டதும் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். நல்ல பெண்களுக்கு அடங்கும். எனக்குக் கூடியது. அவர் சிரித்தது என் பேச்சுக்கு. சிரிக்கும்போது பார்த்தது அவள் முகத்தை. வேறு எதையாவது அவள் பேசி மயக்கியிருந்தால்கூடப் போடி என்று விட்டிருப்பேன். என் வாயில் பிறந்ததை எடுத்து அவள் வாயால் ஊட்டியிருக்கிறாள்.

"எப்படிச் சொன்ன?" என்றேன்.

"எப்படின்னா?"

"ஊத்த்த்தலாம்னு இழுத்துச் சொன்னாத்தான் அது சிரிப்பு. இழுத்தியா?"

"நான் ஒன்னும் இழுக்கல. சும்மா சொன்னேன். அதுக்கே சிரிச்சிச்சு" என்றாள் லெட்சுமி, பாவி.

மறுநாள் வேலை விட்டதும் நேராக பஸ் ஏறினேன். ஷப்ராஸ் கடையில் நல்ல கூட்டம். கணபதி கங்காணி அன்றைக்கும் அங்கேதான் நின்றார், போன் இன்னும் திருத்தி முடியவில்லையாம். நான் ஹெட்போனை மேசையில் வைத்தேன்.

"என்ன அக்கா, அடி பத்தலையா?"

"தம்பி, இது பாட்டுக்கு இல்ல. எம் புருஷனுக்குக் காது கேக்காது. நான் பேசுறது கேக்கணும்."

கங்காணி திரும்பிப் பார்த்தார். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த விசில் குரல் அவரைத் தவிர எல்லாருக்கும் நன்றாகத்தான் கேட்கிறது. பார்க்கட்டும். பெரட்டில் போய்ச் சொல்லட்டும். தோட்டமே செவிடன் பொண்டாட்டி என்று கூப்பிட்டாலும் சரி, அவர் பொண்டாட்டி என்று என்னைத்தானே கூப்பிடும்.

ஷப்ராஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான். "முன்னமே சொல்லியிருக்கலாமே அக்கா. பேச்சுக்கு அடி எதிரி. அடி கூடினா தடிச்ச கொரல்தான் மேல வரும். உங்க கொரல அது அமுக்கிப் போடும்."

அமுக்கித்தான் போட்டது, எனக்குத் தெரியாதா. அவன் திருகாணியைக் கழற்றினான். டேப்பை உரித்தான், களிமண்ணைச் சுரண்டி எடுத்தான், பஞ்சில் பாதியை வெளியே இழுத்தான். போனை வாங்கி, ஆப்பில் தடித்த சத்தத்தைக் கீழே இறக்கி மெல்லிய சத்தத்தை மேலே ஏற்றினான். மெத்தையைத் தொட வேண்டாம் என்றேன். வெல்வெட்டையும் தொட விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். லெட்சுமி அவளுடைய காம்பராவுக்குள் வெங்காயம் உரிக்கிற வாசம் வந்தது. நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். வயர் அவ்வளவு நீளம் இல்லை, முழங்கால் முட்ட உட்கார்ந்தால்தான் எட்டும். லெட்சுமி நினைத்தாலும் அந்தத் தூரத்துக்குள் வர முடியாது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். இவரோடு பேசுவது என்றால் கத்தித்தான் பழக்கம். இப்போது எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி பேசினேன்.

"ஏங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

"யசோ, ஒங்கொரலு" என்றார். "மறந்தே போச்சு புள்ள."

அழுதால் அதையும் ஆப் பெருசாக்கி அனுப்பும். போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டு, லயத்தில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னேன்:

"தலைக்குக் குளிச்சிட்டு வந்து உக்காந்துட்டீங்களே. இன்னைக்குத் தேத்தண்ணிக்குத் தூளுக்கு நான் எங்க போவேன்?"

சிரித்தார். அப்போதே, சொன்ன வாய் மூடுவதற்குள். தலையை உதறினார். தூள் இல்லை, ஈரம்தான் என் முகத்தில் தெறித்தது. வயர் இழுபட்டுப் போன் கையிலிருந்து நழுவப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வெங்காயம் உரிப்பது நின்றது. சுவருக்கு மேலே தவில் தொண்டை வந்தது.

"அண்ணே, யசோ என்னா சொன்னா?"

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒன்னுமில்ல லெட்சுமி."

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.