கயிறு விழுந்த நெற்றி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஃபோன் திருத்துகிற கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் இருக்கிற பியூட்டி பார்லருக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு கொழும்பிலிருந்து ஒரு லேடி டொக்டர் வருவார். சுருக்கம் விழுந்த முகங்களுக்கும், விழுந்துவிடுமோ என்று பயந்த முகங்களுக்கும் ஊசி போடுவார். இரண்டாவது வகைதான் அதிகம்.

வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுகிற ஷெரோமிக்கு இருபத்தொன்பது வயது. எப்போது தொடங்குவது என்பதுதான் நாலு மாதமாக அவளுடைய கவலை. ஃபோன் வீடியோவில் ஒருத்தி இருபத்தைந்து என்றாள். இன்னொருத்தி முப்பது என்றாள். கோடு விழுவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்று சொன்ன மூன்றாவது ஆளுக்குப் பார்த்தால் பதினேழுகூட இருக்காது. பார்லர் முதலாளி சுதர்ஷினி அக்காவிடம் மட்டும் குழப்பமே இல்லை.

"இந்த மாசமே போடு. உனக்குச் சும்மா போட்டுத் தாறேன். வாசல்ல இருக்கிற மூஞ்சிதான்டி நம்ம போர்டு."

உண்மையில் ஷெரோமிக்குச் சுருக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. புருவம் தூக்கினால் நாலைந்து மெல்லிய ரேகைகள் எழும்பும், அவ்வளவுதான். அவளுக்கு இருந்தது ஒரு கோடு. முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியின் குறுக்கே ஓடி இரண்டு பக்கமும் முடிக்குள் மறைகிற கோடு. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு போட்டது. பதினைந்து வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கைக்காசுக்குக் கொழுந்து கிள்ளப் போனாள். பரீட்சையில் கணக்குப் பாடம் கைவிட்டதும் தோட்டத்திலேயே பெயர் பதிந்து, மொத்தம் ஆறு வருஷம் கூடையைத் தலையில் தொங்கவிட்டாள். அதை இறக்கி வைத்து எட்டு வருஷமாகிறது. முன்முடியை வெட்டி நெற்றியில் விழவிட்டதிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் அம்மாவும் கண்ணாடியும் மட்டும்.

ஜெனுஷன் பார்த்ததில்லை. அவள் காதலிக்கிற டிக்கோயாக்காரன், டியூஷன் வகுப்பில் அதே கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். அப்பா எஸ்டேட் ஒஃபிஸுக்குப் போனார் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, தினமும் போனார், தரை கூட்டுவதற்கு. அம்மா வீட்டோடு இருக்கிறார் என்றும் சொல்லியிருந்தாள். அதுவும் உண்மை, போன வருஷத்திலிருந்து. "நான் கொழுந்து கிள்ள மலைக்கெல்லாம் போனதே இல்ல" என்றதுதான் சுத்தமான பொய்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம் அவனுடைய அம்மா பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஓய்வுபெற்ற டீச்சர்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றான் ஜெனுஷன். "முன்முடிய மட்டும் கிளிப் குத்திக்கங்க. நெத்தியில முடி விழுந்தா அம்மாவுக்கு ஆகாது. ஸ்கூல்லயே கிளிப்பும் கையுமாத்தான் திரிவாங்க."

அன்றைக்கே ஷெரோமி முடிவெடுத்துவிட்டாள். அம்மா பெற்றீசியாவுக்குத்தான் ஒப்பவில்லை.

"தவக்காலத்துல மூஞ்சியில ஊசியா புள்ள? பெரிய வெள்ளி கழியட்டுமே."

"வேலை செய்ய ரெண்டு கிழமையாவது ஆகும்மா. அவங்க அதுக்குள்ள வந்துருவாங்க."

"விபூதிப் புதனுக்கு ஃபாதர் சாம்பல் பூசின நெத்தி."

"அது கழுவியாச்சு."

"இதையும் அப்படிக் கழுவ முடிஞ்சிருந்தா நான் ஏன் பேசப் போறேன்," என்று பெற்றீசியா தன் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டாள்.

டொக்டர் ஷெரோமியின் முன்முடியைத் தூக்கிப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று. சுருக்கம் என்றாள் ஷெரோமி. புருவத்தைத் தூக்கச் சொன்னார். முகத்தைச் சுளிக்கச் சொன்னார். எதற்கும் அந்தக் கோடு அசையவில்லை.

"இது சுருக்கமில்ல. சுருக்கம்னா உள்ள இருக்கிற தசை இழுத்து வர்றது. இது வெளிய இருந்து என்னமோ அழுத்தி வந்திருக்கு. ஊசி இதுல வேலை செய்யாது. உங்களுக்கு இப்ப ஒண்ணும் வேணாம், நாற்பதுல வாங்க."

அந்த 'என்னமோ' என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஷெரோமியும் சொல்லவில்லை.

"கொஞ்சமாவது மங்காதா டொக்டர்?"

"மங்காது."

கதவுக்கு வெளியே சுதர்ஷினி அக்கா போட்டோ எடுக்க ஃபோனோடு நின்றார். நாலு மாதம் யோசித்து எடுத்த முடிவை ஒரு நிமிஷத்தில் வீணாக்க ஷெரோமிக்கு மனம் வரவில்லை. "பரவாயில்ல, போடுங்க," என்றாள்.

ஊசி சொன்னபடியே வேலை செய்தது. இரண்டு வாரத்தில் நெற்றி கழுவிவைத்த பீங்கான் தட்டு மாதிரி ஆனது. அதுவரை நாலைந்து ரேகைகளுக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்த அந்தக் கோடு, கூட்டம் கலைந்ததும் தனியாக அகப்பட்டுக்கொண்டது. பவுடர் பூசினால் பள்ளத்தில் வெள்ளையாகப் படிந்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

டீச்சர் வந்த அன்று மழை. டவுனில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறையில் முன்னறைக்கு மட்டும்தான் ஜன்னல். ஷெரோமி கிளிப் குத்திய தலையோடு டீயும் பற்றீஸும் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் கோப்பையை எடுத்தார், பார்த்தார், கோப்பையை வைத்தார்.

"இங்க கிட்ட வாங்க மகள்."

போனாள். டீச்சரின் விரல் கோட்டின் மேல் நடந்தது. நெற்றியோடு நிற்கவில்லை. முடிக்குள் புகுந்து, காதுக்கு மேலே கோடு எங்கே முடிகிறதோ, சரியாக அங்கே போய் நின்றது.

"எத்தன வருஷம் மலைக்குப் போனீங்க?"

"ஐயோ அம்மா, அவங்க போனதே இல்ல," என்று சிரித்தான் ஜெனுஷன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஆறு," என்றாள் ஷெரோமி.

மன்னிப்பு, வெட்கம், பயம் எல்லாம் ஒன்றாக முகத்துக்கு ஏறி வந்தன. நெற்றி எதையும் உள்ளே விடவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற முகத்தோடு நின்றாள். அவளுக்கும் சேர்த்து உள்ளறை வாசலில் பெற்றீசியா அழுதாள்.

டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார். அதே விரலால், சாயம் அடித்து, நெற்றியோரத்தை மூடிக் காதுவரை தழைய வாரியிருந்த தன் முடியை ஒரு தடவை அழுத்திவிட்டுக்கொண்டு எழுந்தார். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் ஜெனுஷனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'நீங்க மலைக்குப் போனது அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லையாம். பொய் பிடிபட்டும் முகத்துல ஒரு வருத்தம்கூட இல்லையாம். அதுதான் பயமா இருக்காம். மன்னிச்சிருங்க.'

ஊசியைப் பற்றி எழுதத் தொடங்கினாள். ஊசியைச் சொன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அழித்துவிட்டாள்.

"அந்தக் கோடு எங்க போய் முடியும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பெற்றீசியா. "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மட்டும் கட்டி வச்சிருவாளா."

மே மாதத்து முதல் ஞாயிறும் வந்தது. முன்முடி மறுபடி கீழே இறங்கியிருந்தது. போர்டு நன்றாகத்தான் வேலை செய்தது: பெயர் கொடுக்க வந்த ஒரு பேங்க்காரப் பெண் ஷெரோமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க ஸ்கின் கண்ணாடி மாதிரி இருக்குங்க. எனக்கு இருபத்தாறு. உண்மையைச் சொல்லுங்க, எந்த வயசுல தொடங்குறது நல்லது?"

"பதினஞ்சுக்கு முன்னாடி," என்றாள் ஷெரோமி.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஷெரோமி அவளுடைய பெயரை எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னாள்.