ஏதென்ஸ் நகரத்துச் சட்டம்
1989ஆம் ஆண்டு, புலம்பெயர்ந்த தமிழர் வாழ்ந்த பென்டில் ஹில்லில் வாடகை மண்டபமொன்றில் வெள்ளிதோறும் பூசை நடந்தது. தவநேசன் பூசைக்குழுத் தலைவர். இன்னொருவனோடு போய் ஆறு மாதத்தில் திரும்பிய மனைவி கமலராணியை அவர் மறுபடி வீட்டில் ஏற்றிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குழுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, பூசைக்கு நீங்கள் மட்டும் வாங்கோ. கமலராணி அக்கா வீட்டில நிக்கட்டும். இல்லாட்டித் தலைவர் பதவியை விடவேண்டி வரும்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

சாப்பாட்டு மேசையில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"ஏன்சியன்ட் ஹிஸ்டரி, அப்பா. ஏதென்ஸ்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் காலத்து அங்கத்தைச் சட்டப்படி, புருசனை விட்டு வேற ஆளோட போன பொம்பிளை கோயிலுக்குப் போகேலாது. நகை போடேலாது. போட்டால் ஆரும் பறிக்கலாம்."

"புருசன் மன்னிச்சால்?"

"அவளை வச்சிருந்தா அவருக்கும் சிட்டிசன் ரைட்ஸ் போயிடும்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள் கமலராணி.

தவநேசன் தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, வேற தலைவரைப் பாருங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் வாறம்."

பிறகு குசினி வாசலுக்குப் போனார்.

"அந்தக் கல்லுத்தோட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிடும். பூசைக்கு நேரமாகுது."