ஜீப்புக்குப் பின்னால்

பெண் கேட்டுப் போன லியோவிடம் அன்னமேரி சம்பளத்தைக் கேட்கவில்லை. சொந்த வீடு உண்டா என்றும் கேட்கவில்லை. ஒருநாள் உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

காரணம் இருந்தது. வேலூரில் ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் அவர் நர்ஸ். வளைவில் முந்தப் போய் எதிரே வந்த பஸ்ஸில் மோதிய பையன்களுக்குக் கட்டுப் போட்டே தலை நரைத்தவர். மகள் ஷைலாவைக் கட்டப் போகிறவன் குடிப்பானா என்பதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம். எப்படி முந்துவான் என்பதுதான் முதல் கேள்வி.

லியோ ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க வண்டியில்தான் பிழைப்பு. வேலூர் நெரிசலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து வெளியே வருவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஷைலாவின் பயமும் அதுதான். முதல்நாள் போனில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“எதையும் முந்தாத. மாட்டுவண்டி போனாலும் சரி, பின்னாலயே போ.”

லியோ சரி என்றான். அவள் அம்மா சம்மதிக்காமல் ஷைலா தாலிக்குத் தலைகுனிய மாட்டாள். அது அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை மலையடிவாரத்து ஆலங்காயம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிய அன்னமேரியை ஏற்றிக்கொண்டான். மலைமேல் காவலூரில் அவர் தங்கை புது வீடு கட்டியிருந்தாள். அன்று வீட்டு மந்திரிப்பு. சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பிறகு பிரியாணி. அன்னமேரி தன் ஹெல்மெட்டைத் தானே கொண்டுவந்திருந்தார். ஒருபக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, போகலாம் என்றார். 

மலை ஏறத் தொடங்கியதும் ஜீப் வந்து மாட்டியது.

ஷேர் ஜீப். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மடிகளில் பழத் தட்டுகள். பின்படியில் நாலைந்து ஆண்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நடப்பவனுக்கே வழிவிடும் வேகம். லியோ அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். மனசு நிம்மதியானது. இனி காவலூர் வரை யோசிக்க வேண்டியதில்லை.

மலை ஜீப்பின் பின்படியில் நிற்பவர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை உண்டு. தலையை நீட்டி முன்னால் பார்ப்பார்கள். எதிரே எதுவும் வராவிட்டால் பின்னால் வரும் பைக்குக்குக் கை காட்டுவார்கள். வந்தால் உள்ளங்கையை விரித்து நிறுத்துவார்கள். அவர்கள் கை காட்டினால் பைக்குகள் போய்விடும். அதுதான் பழக்கம்.

முதல் வளைவு தாண்டியதும் பின்படியின் ஓரத்தில் நின்ற சடையன் என்பவர் கை காட்டினார். காதோரம் பென்சில் செருகிய, தச்சுவேலை செய்யும் ஆள். லியோ தலையை ஆட்டினான். போகவில்லை. அடுத்த வளைவிலும் காட்டினார். லியோ சிரித்தான். போகவில்லை. நேர் ரோடு வந்தபோது பின்படியில் இருந்த எல்லோருமே காட்டினார்கள். அவன் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தான்.

மற்றவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் போனார்கள். தண்ணீர்க் குடங்கள் கட்டிய ஒரு மொபெட் கடகடவென்று போனது. அதன் பின்னால் வெள்ளை அங்கியைச் சுருட்டி மடியில் வைத்தபடி ஒருவர் ஸ்கூட்டரில் முந்தினார். அவர் அன்னமேரிக்குக் கை அசைத்தார்.

“சாமியாரு,” என்றார் அன்னமேரி. “மந்திரிக்கப் போறவரே நம்மள தாண்டிட்டாரு.”

பாராட்டா குத்தலா என்று லியோவுக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

ஜீப்பின் பின்பலகையில் எழுதியிருந்த ‘அவசரமா? பறந்து போ’ என்ற வாசகம் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அதன் புழுதி மூக்கிலும் பல்லிலும் ஏறியது. கண் பின்பலகையை விட்டு நகரவில்லை. அதனால் ஜீப் வலப்பக்கம் திரும்பியபோது அவனும் திரும்பினான். தார் போய் மண் வந்தபோது ரோடு வேலை நடக்கிறது என்று நினைத்தான். இரண்டு பக்கமும் சாமைக்கொல்லை வந்தபோது ஒன்றும் நினைக்கவில்லை. ஜீப் ஒரு பந்தல் முன்னால் நின்றது. அவனும் நின்றான்.

மேளம் முழங்கியது. பெண்கள் தட்டுகளோடு இறங்கினார்கள். யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். யாரோ அன்னமேரியின் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

நிச்சயதார்த்த வீடு. ஜீப்பில் வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். வழி தெரியாமல் தங்கள் பின்னால் வரும் இந்த இருவரும் பெண் வீட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, வரும் விருந்தாளிகள் என்று அவர்கள் வழியிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். அதனால்தான் கடைசியில் கை காட்டுவதையும் விட்டுவிட்டார்கள். பெண் வீட்டார் இவர்களை மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்தார்கள். ஆக இரண்டு பக்கமும் போட்டி போட்டு மரியாதை செய்தது. பாய் விரித்து, இலை போட்டு, சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன.

அன்னமேரி ஹெல்மெட்டைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார்.

“இன்னா தம்பி, இது காவலூர் இல்லியே.”

லியோ அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். இல்லிங்க என்றான்.

“மண் ரோடு வந்ததுமே வண்டிய திருப்பச் சொல்லப் பாத்தேன். குறுக்கு வழி தெரிஞ்சவனாட்டம் இருக்குதுன்னு கம்முனு வந்தேன்.”

பெண்ணின் தாய் பச்சையம்மாவைக் கூப்பிட்டு அன்னமேரியே விஷயத்தைச் சொன்னார்.  பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர் கூடச் சிரித்தார். வழி தப்பி வந்தாலும் இலையில் உட்கார்ந்தவரை எழுப்ப மாட்டோம் என்று பச்சையம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். தன் பெண்ணுக்கு இன்றைக்கு நிச்சயம் என்றார். பிறகு லியோவைப் பார்த்து, இந்தத் தம்பி உங்கள் பிள்ளையா என்று கேட்டார்.

லியோவின் கை சோற்றில் நின்றது.

“என் பொண்ண கேக்கறான்,” என்றார் அன்னமேரி. “எப்படி வண்டி ஓட்டறான்னு பாக்கத்தான் கூட வர்றேன்.”

எதிர் இலையில் இருந்த சடையனுக்கு இது போதும்.

“யக்கா, நாங்க வளைவுக்கு வளைவு கை காட்டனோம். தம்பி தலைய ஆட்டிட்டு பின்னாலயே வருது. ஓட்டத் தெரியலியா, இல்ல உங்களுக்குப் பயந்துக்கிச்சா, கேளுங்க.”

அன்னமேரி லியோவைப் பார்த்தார். இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. எதையும் முந்தாதே என்று ஷைலாதான் சொன்னாள் என்று அவன் இலையைப் பார்த்தபடி சொன்னான். பச்சையம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கட்டுவதற்கு முன்பே சொல்பேச்சு கேட்கிறான், இவனை விட்டால் வேறு யாருக்குக் கொடுப்பீர்கள் என்று அன்னமேரியிடம் வழக்காடினார். மறுபடி சிரிப்பு எழுந்தது.

அன்னமேரி சிரிக்கவில்லை.

“எங்க வார்டுக்கு ரெண்டு மாதிரி பசங்க வர்றாங்க. பாக்காம முந்தனவனும் வர்றான். முன்னால போறவன் முதுகையே பாத்துக்கினு ரோட்ட பாக்காம வந்தவனும் வர்றான். ரெண்டு பேருக்கும் அதே கட்டுதான்.”

லியோ தலையைத் தூக்கவில்லை. பெண் கைவிட்டுப் போய்விட்டது என்றே தோன்றியது. அன்னமேரி கை கழுவி வந்து, வெற்றிலைத் தட்டில் பெண்ணுக்கென்று கொஞ்சம் பணம் வைத்தார். பையை வாங்கிக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டினார்.

“இன்னும் பாதி வழி இருக்குது. பின்னால ஆளே இல்லேன்னு நெனச்சி ஓட்டு.”

தார் ரோட்டுக்குத் திரும்பி வந்து மேலே ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முனகிக்கொண்டு போனது. ரோட்டின் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது.

லியோ இந்த முறை ஒட்டிப் போகவில்லை. பின்தங்கி, ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தான். ஒட்டிப் போனால் மூட்டைகள்தான் தெரியும். தள்ளி வந்தால் லாரிக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் ரோடு தெரியும். இது அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல. பஸ்களுக்குப் பின்னால் நாள்தோறும் செய்வதுதான். காலையில்தான் மறந்துபோயிருந்தது.

வளைவுக்கு முன்னால் லாரி டிரைவரின் கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. போ, போ என்று ஆட்டியது.

லியோ பார்த்தான். ரோடு இடப்பக்கம் வளைந்தது. லாரி அந்த வளைவை முழுக்க மறைத்தது. அவன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினான்.

“டிரைவரு கை காட்டறாரே,” என்றார் அன்னமேரி.

“அவருக்கு ரோடு தெரியுதுங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியலிங்க.”

வளைவைத் தாண்டினார்கள். எதிரே ஒன்றும் வரவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. போயிருந்தால் சுகமாகப் போயிருக்கலாம். டிரைவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சலித்துக்கொண்டது அந்தக் கையிலேயே தெரிந்தது. காலையில் செய்ததையே செய்கிறான் என்று பின்னால் இருப்பவர் நினைப்பாரோ?  ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ரோட்டில் போக அவனுக்கு மனசு வரவில்லை. நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டான்.

அடுத்த வளைவு முடிந்ததும் ரோடு நேராக நீண்டது. இரண்டு பக்கமும் அறுத்த சாமைத் தாள். தூரத்தில் மரங்களுக்கு மேல் வானாய்வு மையத்தின் வெள்ளைக் குவிமாடம். எதிரே ஒரு பைக் புள்ளியாக வந்தது. லியோ காத்திருந்தான். பைக் வந்தது, தாண்டியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். முன்னால் கடைசி வரை பார்த்தான். கியரைக் குறைத்தான். ஹார்ன் அடித்து, வலப்பக்கம் எடுத்து, லாரியின் நீளம் முழுவதையும் ஒரே இழுப்பில் தாண்டினான். லாரி கண்ணாடியில் முழுசாகத் தெரிந்த பிறகுதான் இடப்பக்கம் வந்தான்.

பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. கோபமாக இல்லை.

புழுதியில்லாத காற்று முகத்தில் பட்டது. காலையிலிருந்து முதல்முறையாக மலை கண்ணில் பட்டது. நெல்லி மரங்கள், மேயும் ஆடுகள், பாறை மேல் குந்தியிருந்த குரங்குக் கூட்டம்.  கொஞ்ச தூரம் போனார்கள். பின்னாலிருந்து அன்னமேரி கேட்டார்.

“உங்க அப்பா எந்த நாள்ல வூட்ல இருப்பாரு?”

லியோ வேகத்தைக் குறைத்தான்.

“ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்புறம் இருப்பாருங்க.”

“சொல்லி வை. நானும் ஷைலா அப்பாவும் வர்றோம்.”

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. முன்னால் வளைவு. லியோ ஹார்ன் அடித்து, ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.