அட்டமியில் புரட்டாத எரு

ஜெயரூபன் தொட்டது துலங்காது என்று வட்டுக்கோட்டையில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பொய்யாக்குவதற்காகவே மனிதர் உயிர் வாழ்ந்தார் என்றும் சொல்லலாம். கச்சேரியில் கிளாக்கர் வேலை என்றாலும் பரம்பரை தோட்டக்காரப் பரம்பரை, கை சும்மா இருக்காது. முந்திரிகைக் கொடி நட்டார், பந்தல் மட்டும் மிஞ்சியது. காளானுக்குக் கொட்டில் போட்டார், கொட்டிலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் காளான் முளைத்தது. காடை வளர்த்ததைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

இந்தமுறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு விவசாயக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். மண்ணே வேண்டாமாம். குழாய்க்குள் தண்ணீர் ஓடவிட்டு அதிலேயே பயிர் செய்யலாமாம். வாழைத்தோட்டத்தில் குலை வெட்டியபின் வீசுகிற தண்டையும் சருகையும் கூட்டெருவாக்கி, அதை ஊறவைத்து வடித்த தண்ணீரையே பயிருக்கு ஊட்டலாமாம். ஆவணி பிறந்ததும் மச்சானின் தோட்டத்து வாழைக்கழிவு முழுவதையும் ஏற்றிவந்து வீட்டின் பின்கோடியில் ஆளுயரத்துக்குக் குவித்து, மண் போட்டுத் தென்னங்கிடுகால் மூடினார். முற்றத்தில் வெள்ளைக் குழாய்களைத் தட்டுத் தட்டாக அடுக்கினார்.

அவருடைய மனைவி தனுசியா வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உதிலைதானே பொங்கல் பானை வைக்கிறது. வெயில் விழுற இடம் எங்களுக்கு அது ஒண்டுதான்."

"பொங்கலுக்கு முதல் சலாது இலை கட்டுக்கட்டாய் வந்திடும். பிறகு பாரும்."

"சரி. உந்த எருவிலை விளைஞ்ச ஒண்டைப் பொங்கலுக்கு முதல் நான் திண்டு, நல்லாயிருக்கு எண்டு என்ரை வாயாலை சொன்னால் குழாய் நிக்கட்டும். இல்லாட்டி எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் பேசாமல் இருக்கோணும். இனி ஒரு பயிரும் நடப்பிடாது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முருகேசு அண்ணையும் பின்வீட்டு லூர்த்தம்மா அக்காவும் சாட்சி. ஜெயரூபன் ஓம் என்று தலையாட்டினார். குழாய் போனால் போகட்டும். 'உங்கடை கையாலை ஒண்டு விளைஞ்சது' என்று அவள் ஒருதரமாவது சொல்லக் கேட்காமல் கட்டையில் போவதுதான் அவருக்குத் தாங்காது.

எருவை அடிக்கடி புரட்டவேண்டும், உள்ளே காற்றுப் படாவிட்டால் புளித்துப்போகும் என்று கருத்தரங்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் ஒழுங்காகப் புரட்டினார். புரட்டாதியில் சனி பிடித்தது.

மண்வெட்டியோடு அவர் கோடிக்குப் போனால் போதும், தனுசியா வந்துவிடுவாள். "இண்டைக்கு அட்டமி. அட்டமியிலை எருவைக் கிளறுறதே?" எரு தன்பாட்டில் கிடக்கட்டும் என்பாள். விஞ்ஞானத்துக்கும் அட்டமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய்வரை வரும். கேட்டால் காடைக்கதை வரும். திரும்பிவிடுவார்.

அட்டமி போனால் முருகேசு அண்ணை. "தம்பி, உதுக்குள்ளை ஒரு புடையன் போனதை இந்த ரெண்டு கண்ணாலையும் கண்டனான். கவனம்." ஜெயரூபனுக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். அந்தக் கிழமை கோடிப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் துணிந்து போனபோது லூர்த்தம்மா அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். "தம்பி, குறை நினைக்காதை. பிள்ளையைப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வருகினம். கிளறினால் நாறும்." பாவம், பெண் பிள்ளையின் காரியம் என்று மண்வெட்டியைச் சாத்திவிட்டார். அக்காவின் ஒரே மகள் கனடாவில் மூன்று பிள்ளைகளோடு இருப்பது அவருக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

விளைவைச் சொல்லவா வேண்டும். அடியில் வடிந்த தண்ணீர் புளித்து நாறியது. அதைக் குடித்த சலாதுக் கன்றுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. மார்கழி மழைக்குள் குழாயில் பாசி மட்டும் செழித்திருந்தது. பாசியையாவது சுண்டிக் கொடுக்கலாமா என்றுகூட மனிதர் யோசித்தார்.

பொங்கலுக்கு முந்தின நாள் தனுசியா சாமான் வாங்கச் சங்கானைச் சந்தைக்குப் போயிருந்தாள். அவள் வந்து சிரிப்பதற்குமுன் தானே எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவெடுத்து, ஜெயரூபன் கிடுகை இழுத்தெறிந்து மண்வெட்டியை ஓங்கினார்.

ஒரு கொத்து. சரிந்த எருவுக்குள்ளிருந்து வெளிறலாக, நீளமாக, கூர் மூக்கோடு ஒன்று எட்டிப் பார்த்தது.

புடையன். மண்வெட்டி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம்.

வேலியைப் பிரித்துக்கொண்டு முருகேசு அண்ணை ஓடிவந்தார். "மெல்லத் தம்பி, மெல்ல. கிழங்கு முறிஞ்சுபோம்."

"என்ன கிழங்கு?"

"பனங்கிழங்குதான். இப்பிடி ஒரு மெதுவான மேட்டைக் கண்டால் ஆருக்கு மனம் கேக்கும்? என்ரை பனங்கொட்டையைக் கொண்டுவந்து தாட்டுப்போட்டன்."

"அப்ப புடையன்?"

முருகேசு அண்ணை வானத்தைப் பார்த்தார். அதற்குள் லூர்த்தம்மா அக்காவும் வந்துவிட்டார். "அந்தக் கரையை வெட்டாதை தம்பி, அது என்ரை." இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். தான் மட்டும்தான் தாட்டதாக இருவரும் நினைத்திருந்தார்கள்.

நடுவில் இன்னொரு வரிசை இருந்தது. அதற்கு அடையாளமாக ஒரு தடியில் நீலக்கட்டத் துணி கட்டியிருந்தது. புரட்டாதியில் கொடியிலிருந்து காணாமற்போன தன் சாரத்தை ஜெயரூபன் உடனே அடையாளம் கண்டார். அட்டமிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் நினைவில் வந்து போயின.

கிண்டக் கிண்டக் கிழங்கு வந்தது. இறுகின மண் இல்லாததால் ஒவ்வொன்றும் நீண்டு, கைமொத்தத்தில் திரண்டிருந்தது. முருகேசு அண்ணை தன் பாத்தியில் ஒருநாளும் இப்படி விளைந்ததில்லை என்றார். ஜெயரூபன் நடு வரிசையில் ஒரு பிடியைக் கழுவி உப்புப் போட்டு அவித்தார்.

தனுசியா வெயிலில் களைத்து வந்து குந்தினாள். லூர்த்தம்மா அக்கா தட்டை நீட்டினார். தோலை உரித்து, நடுத் தும்பை இழுத்தெறிந்து, ஒரு கடி கடித்தாள். இன்னொரு கடி.

"எங்கையப்பா வாங்கினியள்? நல்லாயிருக்கு. சந்தையிலை உப்பிடி ஒண்டைக் காணேல்லை."

ஜெயரூபன் மடியிலிருந்து சாரத்துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தனுசியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது நான் தாட்ட பனங்கொட்டை" என்றாள்.

"பனங்கொட்டை உம்மடை. எரு என்ரை."

அவள் சாட்சிகளைப் பார்த்தாள். சாட்சிகள் இருவரும் மும்முரமாகக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். விழுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பொங்கல் பானை தெருப்படலையடியில் பொங்கியது. முற்றத்துக் குழாய்களை ஒருவரும் கழற்றவில்லை. மிச்சக் கிழங்கை அவித்து, இரண்டாகக் கிழித்து, புழுக்கொடியலுக்காகத் தனுசியா அந்தக் குழாய்களில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். புழுக்கொடியல் காய இதைவிடத் தோதான சாமான் ஊரில் இல்லை என்று அவளே சொன்னாள். புதிய சலாது நடக் குழாய் எப்போது கிடைக்கும் என்று ஜெயரூபன் கேட்டதற்கு, பங்குனி போகட்டும் என்றாள்.

பிறகு தன் தமையனுக்கு ஃபோன் எடுத்தாள். "ஓம் அண்ணை, உங்கடை வாழைக்கழிவுதான். இவற்ரை கையாலை விளைஞ்சது. நம்பாட்டி வந்து திண்டு பாருங்கோ."

கிணற்றடியில் நின்ற ஜெயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த உற்சாகத்தில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக் கோடிப் பக்கம் நடந்தார். மிஞ்சிய எருவை இன்றைக்கென்றாலும் ஒழுங்காகப் புரட்டிவிடவேண்டும்.

"தம்பி" என்றார் லூர்த்தம்மா அக்கா வேலிக்கு மேலால், "இண்டைக்கும் மாப்பிள்ளை வீட்டார் வருகினமடா."