திருவாளரும் திருமதியும் அனுப்பிய புகார்

ராட்னி கடிதக் கட்டைத் தூக்கி மேசைமேல் தொப்பென்று போட்டான்.

"அறுபது பேர், மார்கோ. அறுபது பேருக்கு உங்க நிகழ்ச்சி பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு எழுதினது நாலே பேர்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருடம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். செவ்வாய்க்கிழமைதோறும் தொலைக்காட்சியில் 'ஒற்றைக் குடை' என்று சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் மூன்று பெண்கள். எழுதுவதும் நாங்களே, நடிப்பதும் நாங்களே. ஆறு வாரம் ஓடி முடிந்திருந்தது. அடுத்த வருடமும் உண்டா, இத்தோடு மூட்டை கட்டணுமா என்று நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் ராட்னி த்வெய்ட் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவேண்டும்.

நான் கட்டைப் பிரித்து எண்ணினேன். முப்பத்தோரு கடிதம்தான் இருந்தது.

"கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க ராட்னி?"

"திருவாளர், திருமதின்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினா ரெண்டுன்னு வைக்கணும். இங்க வழக்கமே அதுதான்."

இருபத்தொன்பது கடிதம் அப்படி வந்தவை. எல்லாமே ஆண்கள் எழுதியவை. 'பெண்களுக்கு நகைச்சுவை வராது, என் மனைவியின் கருத்தும் அதுவே' என்றது ஒன்று. 'என் மனைவி கௌரவமானவள், அவளுக்கு அருவருப்பாக இருந்தது' என்றது இன்னொன்று. அந்த அம்மாக்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எனக்கு வந்ததே கோபம்!

ஆனால் பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த ஒன்று மட்டும் என்னைக் குத்தியது. எங்கள் டாக்டர் நாடகத்தைப் பற்றியது. வயிற்று வலியோடு வந்த மனைவியை டாக்டர் எதைக் கேட்டாலும் பக்கத்தில் இருக்கும் புருஷனே பதில் சொல்வான். கடைசியில் மருந்தையும் அவனே முழுங்கிவிடுவான். 'இதைப் பார்த்து என் மனைவி தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்படிக்கு, திருவாளர் மற்றும் திருமதி ஹெர்பர்ட் பிக்கர்ஸ்கில்.'

ஐயோ, ஒரு அம்மாவை அழவைத்துவிட்டோமே என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"பிக்கர்ஸ்கில்" என்றது ஓர் ஆண் குரல்.

"உங்க மனைவிகிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?"

"என்ன விஷயம்? எங்கிட்டயே சொல்லுங்க."

டக்கென்று வைத்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி அடித்தபோது அந்த அம்மாவே எடுத்தார். வினிஃப்ரெட். நான் யாரென்று சொன்னதும் குரலில் அப்படி ஒரு குஷி.

"நல்ல நேரம் பாத்துக் கூப்பிட்ட கண்ணு. அவர் தோட்டத்துக்குப் போயிருக்கார்."

"உங்கள அழ வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"அழுதேனா? யார் சொன்னா? சிரிச்சேன் கண்ணு, மூச்சே நின்னுரும்போல ஆயிருச்சு! அவருக்கு முன்னாடி சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறன்னு கேப்பாரு, எப்படிச் சொல்றது? அதான் ஸ்வெட்டர்ல மூஞ்சிய மறைச்சேன். பாவம் மனுஷன், எந்திரிச்சுப் போய் டீ போட்டுக் கொண்டாந்தார். முப்பத்தெட்டு வருஷத்துல முத தடவ."

"நீங்க அழுததா புகார் எழுதியிருக்காரு. உங்க பேரையும் சேர்த்து."

"எம்பேரையுமா?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

அந்த அம்மா கருத்தைத் தனியாகப் பதியச் சொல்லி நேரே ராட்னியிடம் ஓடினேன். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்த வீட்டுக் கருத்து ஏற்கெனவே வந்தாச்சு மார்கோ. ஒரே வீட்டுக் கருத்த ரெண்டு தடவ பதிய முடியாது."

"எண்ணும்போது ரெண்டு பேரு, வாயத் திறந்தா மட்டும் ஒரே வீடா? இது எந்த ஊர் நியாயம்?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

வழக்கமாம், வழக்கம்! வினிஃப்ரெட்டை மறுபடி கூப்பிட்டு, நேரில் வரமுடியுமா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு, மழையில் நனைந்த தொப்பியும் கைப்பையுமாகப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ராட்னி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அதிலெல்லாம் குறைச்சலில்லை. கையெழுத்துப் போடப் பேனா மூடி திறந்து தயாராகக் கிடந்தது.

"உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் வரலையா?"

அந்த அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க அழவே இல்ல ராட்னி! சிரிச்சிருக்காங்க. அந்த நாடகம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பேரச் சேத்ததுல அவங்களுக்கு வருத்தம். அடுத்த வருஷமும் நிகழ்ச்சி வரணும்னு நினைக்கிறாங்க. அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

மேசைமேல் கைப்பை டொக்கென்று விழுந்தது. வினிஃப்ரெட் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருந்தையும் நீயே முழுங்கிருவியா கண்ணு?"

ராட்னி குபீரென்று சிரித்துவிட்டான். ஆறு வாரத்தில் எங்கள் நாடகத்தை வைத்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"நீங்க சிரிச்சது போதும் தம்பி, அந்தக் கடுதாசியக் குடுங்க" என்றார் அந்த அம்மா. அவன் பேனாவையே எடுத்து, 'மற்றும் திருமதி' என்பதன்மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார். "மிச்சம் இருக்கறது அவர் கருத்து. அது அவருக்கு. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துச்சு, அத தனியா எழுதிக்கங்க. இன்னும் எத்தன கடுதாசில பொண்டாட்டி பேரு இருக்கு?"

"இருபத்தெட்டு" என்றான் ராட்னி.

"அப்ப அத்தன வீட்டுக்கும் போன் போடுங்க. ரெண்டு மணிக்குப் போடுங்க, ஆம்பளைங்க வெளிய போயிருப்பாங்க. அப்பதான் அவளுங்க பேசுவாளுங்க."

ராட்னி கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்தான். முதல் வீட்டில் மணி அடித்தது, ஒரு பெண் எடுத்தாள். அவளிடம் என்ன கேட்கவேண்டும் என்று நுனிநாக்குவரை வந்ததை நான் கடித்து அடக்கிக்கொண்டேன்.